முன்சூல்வலிப்பு: மாத்திரைக்குக் கட்டுப்படும் அழுத்தம், கட்டுப்படாத நோய்

“பி.பி.தான் மாத்திரையில் இறங்கிவிட்டதே டாக்டர், பிறகு எதற்கு இப்போதே குழந்தையை எடுக்க வேண்டும் என்கிறீர்கள்?” ரத்தக் கொதிப்போடு 33ஆவது வாரத்தில் சேர்க்கப்பட்ட பெண்ணின் வீட்டார் இப்படிக் கேட்பது பிரசவ வார்டுகளில் வாடிக்கை. கேள்வியில் நியாயம் இருக்கிறது. காலையில் 170/110 என்று காட்டிய கருவி மாலையில் 140/90 காட்டுகிறது. தலைவலியும் குறைந்திருக்கிறது. ஆனால் அதே மாலையில் வந்த ரத்தப் பரிசோதனை முடிவில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரிந்திருக்கின்றன, கல்லீரல் நொதிகள் கூடியிருக்கின்றன. அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நோய் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த நோய்தான் முன்சூல்வலிப்பு. அதில் உயர் ரத்த அழுத்தம் வெளியே தெரியும் அடையாளம். நோய் குடிகொண்டிருப்பது ரத்தக் குழாய்களின் உட்சுவரில். இன்று நாம் கொடுக்கும் மாத்திரைகள் எதுவும் அந்த உட்சுவரைக் குணப்படுத்துவதாக நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அவை உயிரைக் காக்கும் மாத்திரைகள்தான். இந்த இரண்டு உண்மைகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள்தான் தவறான முடிவுகளுக்குப் போகிறார்கள். “மாத்திரையால் நோய் போகாது என்றால் ஏன் சாப்பிட வேண்டும்?” என்று நிறுத்துகிறவர்கள் ஒருபுறம். “மாத்திரை சாப்பிடுகிறோம், இனிக் கவலையில்லை” என்று பரிசோதனைக்கு வராமல் இருக்கிறவர்கள் மறுபுறம்.

முதலில் இலக்கணத்தைச் சொல்லிவிடலாம். கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் புதிதாக 140/90ஐத் தொட்டு, அதோடு சிறுநீரில் புரதம் போனால், அல்லது கல்லீரல், சிறுநீரகம், மூளை, தட்டணுக்கள் போன்றவற்றில் ஏதாவது பாதிக்கப்பட்டால், அது முன்சூல்வலிப்பு. வலிப்பே வந்துவிட்டால் சூல்வலிப்பு. உலகில் 100 கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை இந்த நோயைச் சந்திக்கின்றன. நம் ஊரில் சிறுநீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்து “உப்பு போகிறது” என்பார்கள். அதைக் கேட்டு வீட்டில் சாப்பாட்டிலிருந்து உப்பை அறவே எடுத்துவிடுவதும் நடக்கிறது. வெளியேறுவது உப்பு அல்ல, ஆல்புமின் என்கிற புரதம். முன்சூல்வலிப்பைத் தடுப்பதற்காகக் கர்ப்பிணிகள் உணவில் உப்பைக் குறைக்க வேண்டியதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

ஒற்றை அடுக்குச் சுவர்

ரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு அடுக்காக உயிரணுக்கள் படிந்திருக்கின்றன. எண்டோதீலியம் என்பது மருத்துவப் பெயர். இங்கே அகப்படலம் என்று சொல்கிறேன். வெகுகாலம் வரை இதை ரத்தம் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கான வெறும் பூச்சாகத்தான் நினைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியவர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆய்வுக்கூடம் வைத்திருந்த ராபர்ட் ஃபர்ச்காட். முயலின் பெருந்தமனித் துண்டில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தபோது அது சில நேரம் தளர்ந்தது, சில நேரம் தளரவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. துண்டைத் தயாரிக்கும்போது உட்புறம் உரசி அகப்படலம் பெயர்ந்திருந்தால் தமனி தளரவே இல்லை. படலம் முழுதாக இருந்தால் தளர்ந்தது. தசையைத் தளரச் சொல்லும் செய்தி அந்த மெல்லிய படலத்திலிருந்து போகிறது என்று 1980இல் ஃபர்ச்காட்டும் ஜவாட்ஸ்கியும் வெளியிட்டார்கள். அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பிறகு உறுதியாயிற்று. 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஃபர்ச்காட்டுக்கும் இன்னும் இருவருக்கும் இதற்காகவே கிடைத்தது.

கர்ப்பம் இந்தப் படலத்தை முழுமூச்சாக வேலை வாங்குகிறது. தாயின் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு கூடுகிறது. இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தமும் கூடுகிறது. இவ்வளவு கூடியும் நடுக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் சற்று இறங்கவே செய்கிறது. உடல் முழுவதும் குழாய்கள் தளர்ந்து இடம் கொடுப்பதால்தான் இது நடக்கிறது. ரத்தக் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனுக்கு ஆரோக்கியமான கர்ப்பிணியின் உடல் எளிதில் மசிவதில்லை. 1973இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நார்மன் கான்ட் குழுவினர் முதல் கர்ப்பத்தில் இருந்த பெண்களுக்கு இந்த ஹார்மோனைச் சிறு அளவில் செலுத்திப் பார்த்தார்கள். பின்னால் நோய்வாய்ப்பட்ட பெண்களிடம் அந்த எதிர்ப்பு, அழுத்தம் உயர்வதற்குப் பல வாரங்கள் முன்பே மறைந்துபோயிருந்தது. நோய் தொடங்கும் நாளும் பி.பி. கருவியில் அது தெரியும் நாளும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தொடக்கம் நஞ்சுக்கொடியில். கரு பதியும்போது நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் கருப்பைச் சுவருக்குள் புகுந்து, அங்குள்ள சுருள் தமனிகளின் தசையை அகற்றி, குறுகலான அந்தக் குழாய்களை அகன்ற வாய்களாக மாற்றுகின்றன. முன்சூல்வலிப்பில், குறிப்பாக 34 வாரத்துக்கு முன் தலைகாட்டும் வகையில், இந்த மாற்றம் பாதியில் நின்றுவிடுகிறது. குறுகலாகவே இருந்துவிட்ட தமனி வழியே ரத்தம் ஒழுங்கில்லாமல் பீய்ச்சுகிறது, நஞ்சுக்கொடி திணறுகிறது. திணறும் நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. குழந்தையே உருவாகாத முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலும் இந்த நோய் வருவதுண்டு என்பதால், குற்றவாளி குழந்தை அல்ல, நஞ்சுக்கொடிதான் என்பது நெடுநாளாகவே தெரிந்திருந்தது. தாயின் உடலில் அது தாக்கும் இடம் அகப்படலம் என்ற கருத்தை 1989இல் ஜேம்ஸ் ராபர்ட்ஸும் அவருடன் இருந்தவர்களும் முன்வைத்தார்கள். தாக்கும் பொருள் எது என்பதற்கு 2003இல் விடை வந்தது.

அந்த விடையோடு இணைந்த பெயர் ஆனந்த் கருமஞ்சி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து பாஸ்டனில் சிறுநீரக மருத்துவராக இருந்தவர். நோயுற்ற பெண்களின் நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறிச் சுரப்பதை அவரும் ஷாரன் மேனார்டும் குழுவினரும் காட்டினார்கள். அகப்படலம் உயிர்ப்போடு இருப்பதற்கு விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி இடைவிடாமல் தேவை. எஸ்எஃப்எல்டி-1 அந்தக் காரணியை ரத்தத்திலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. படலத்துக்கு எதுவும் போய்ச் சேருவதில்லை. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, குழாயை இறுக்கும் எண்டோதீலின் ஓங்குகிறது, படலத்தின் இடுக்குகள் கசியத் தொடங்குகின்றன. எலிகளுக்கு இந்தப் புரதத்தை மிகுதியாகக் கொடுத்தபோது அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது, சிறுநீரக வடிகட்டிகளில் முன்சூல்வலிப்புக்கே உரிய வீக்கம் தெரிந்தது. கர்ப்பமில்லாத எலிகளுக்கும் அப்படியே ஆயிற்று. மனிதரிடத்திலும் இதற்கு ஓர் இணை இருக்கிறது: விஇஜிஎஃபைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்தைப் பெறுகிறவர்களில் பலருக்கு, ஆண் பெண் பேதமின்றி, ரத்த அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரில் புரதமும் போகிறது.

கசிவு என்று சொன்னேன். கால் வீக்கம், முக வீக்கம், சிறுநீரில் புரதம், மூளையில் நீர் கோத்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. பெயர்ந்த படலத்தின்மேல் தட்டணுக்கள் ஒட்டிச் செலவாகிவிடுவதால் அவற்றின் எண்ணிக்கை சரிகிறது. அழுத்தத்தைக் குறைத்த அதே நாளில் தட்டணுக்கள் ஏன் சரிகின்றன என்பதற்கு இதுவே விளக்கம்.

இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு தமனி

அகப்படலம் கெட்டிருக்கிறதா என்பதை நேரில் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மாத்திரைகளைப் பற்றிய வாதம் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

சிசேரியன் அறுவையின்போது, பெண்ணின் ஒப்புதலோடு, தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் ஒரு சிறு துண்டு எடுத்துவைக்கப்படுகிறது. அதிலிருந்து நூலைவிட மெல்லிய தமனி ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் பிரித்து, 2 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, அதன் துளைக்குள் தலைமுடியைவிட மெல்லிய இரண்டு உலோகக் கம்பிகளை நுழைக்கிறார்கள். ஒரு கம்பி அசையாமல் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். மற்றது இழுவிசையை அளக்கும் கருவியோடு இணைந்திருக்கும். தமனி 37 டிகிரி வெப்பத்தில் உப்புக் கரைசலில் மூழ்கியிருக்கிறது. முதலில் நார்அட்ரினலின் சேர்த்து அதைச் சுருங்க வைக்கிறார்கள். பிறகு அசிடைல்கோலின் அல்லது பிராடிகைனின் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறார்கள். ஆரோக்கியமான கர்ப்பிணியின் தமனி நன்றாகத் தளர்கிறது. முன்சூல்வலிப்பு உள்ளவரின் தமனி அரைகுறையாகவே தளர்கிறது. கடைசியாக, நைட்ரிக் ஆக்சைடை நேரடியாகவே கொடுக்கும் நைட்ரோபுருசைடைச் சேர்த்தால் இரண்டு தமனிகளும் தளர்ந்துவிடுகின்றன.

அப்படியென்றால் தசையில் பழுதில்லை. தளரச் சொன்னால் தளர அது தயாராகவே இருக்கிறது. சொல்ல வேண்டிய படலம்தான் சொல்வதில்லை.

இதையே ஊசியின்றி, கைத் தமனியில் அல்ட்ராசவுண்ட் வைத்தும் பார்க்கலாம். முன்கையில் பட்டையைக் கட்டி 5 நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, பிறகு திறந்துவிட்டால், பாய்ந்துவரும் ரத்தத்துக்கு ஏற்ப மேற்கைத் தமனி விரிய வேண்டும். அந்த விரிவு அகப்படலத்தின் நலத்தைச் சொல்லும். பல ஆய்வுகளைச் சேர்த்து 2016இல் வெளிவந்த தொகுப்பாய்வு, இந்த விரிவு நோய் வெளிப்படுவதற்கு முன்பும், நோயின்போதும், பிரசவத்துக்கு 3 ஆண்டுகள் பின்பும்கூடக் குறைவாகவே இருப்பதைக் காட்டியது.

மாத்திரைகள் வேலை செய்யும் இடம்

இப்போது மருந்துகளைப் பார்க்கலாம். கர்ப்பத்தில் பரவலாகப் பயன்படுபவை நான்கு. நிஃபெடிபின், தமனித் தசைக்குள் கால்சியம் நுழையும் வாயிலை அடைக்கிறது. கால்சியம் இல்லாமல் தசை சுருங்க முடியாது. ஹைட்ரலசினும் தமனித் தசையை நேரடியாகத் தளர்த்துவதுதான். லேபெடலால், இதயத்திலும் தமனியிலும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ஒட்டும் இடங்களை மறிக்கிறது. மெத்தில்டோபா, மூளைத்தண்டிலிருந்து புறப்படும் நரம்புக் கட்டளையையே தணிக்கிறது.

நான்கும் தசையிலோ நரம்பிலோ வேலை செய்பவை. அகப்படலத்தின் வேலையை அதற்குப் பதிலாக வேறு வழியில் செய்துமுடிப்பவை. நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1 சுரப்பதை இவை நிறுத்துவதாக நம்பகமான சான்று இல்லை. 2008இல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், மெத்தில்டோபா கொடுத்த பிறகு நோயுற்ற பெண்களின் ரத்தத்தில் அந்தப் புரதம் குறைந்திருந்தது. ஆர்வத்தைத் தூண்டும் முடிவுதான். ஆனால் மெத்தில்டோபா சாப்பிட்டவர்களுக்கு நோய் மெதுவாக முற்றியது என்றோ, பிரசவம் வரை கூடுதல் நாள்கள் கிடைத்தன என்றோ காட்டும் பெரிய சோதனை அதைத் தொடர்ந்து வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் ஒரு மருந்து நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டியது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இந்த இடைவெளியை நினைவில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. லேசானதும் மிதமானதுமான உயர் அழுத்தத்துக்கு மருந்து கொடுப்பதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் ஆய்வு, கடும் அழுத்தம் வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது, முன்சூல்வலிப்பு வருவது தெளிவாகக் குறையவில்லை என்றே சொன்னது.

பிறகு ஏன் உயிர்காக்கும் மருந்து என்கிறோம்? மூளைக்காக. ஆரோக்கியமான மூளை, அழுத்தம் ஏறும்போது தன் தமனிகளை இறுக்கி உள்ளே போகும் ரத்தத்தை மட்டுப்படுத்திக்கொள்ளும். கசியும் அகப்படலத்தோடு இருக்கும் மூளைக்கு அந்தத் தற்காப்பு பலவீனம். முன்சூல்வலிப்பில் பக்கவாதத்துக்கு ஆளான 28 பெண்களின் விவரங்களை 2005இல் அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை மூளையில் ரத்தம் கசிந்ததால் வந்தவை. பக்கவாதத்துக்கு முன் அழுத்தம் அளக்கப்பட்டவர்கள் எல்லாரிடமும் மேல் எண் 155ஐத் தொட்டிருந்தது. கீழ் எண் 110ஐ எட்டியவர்களோ சிலர்தான். கீழ் எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த பழைய பழக்கம் அதற்குப் பிறகுதான் மாறியது. இன்று மேல் எண் 160, கீழ் எண் 110 என்ற இரண்டில் ஒன்றைத் தொட்டு 15 நிமிடம் அப்படியே நின்றாலும் அவசரம்தான். 30 முதல் 60 நிமிடங்களுக்குள் மருந்து உள்ளே போயிருக்க வேண்டும்.

எந்த மருந்து? இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பயன்படும் பதில் ஒன்று நாக்பூரிலிருந்து வந்தது. அங்குள்ள 2 அரசு மருத்துவமனைகளில், கடும் அழுத்தத்தோடு வந்த 894 கர்ப்பிணிகளுக்கு நிஃபெடிபின், லேபெடலால், மெத்தில்டோபா மூன்றில் ஒன்றை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. 6 மணி நேரத்துக்குள் பாதகம் ஏதுமின்றி அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்கள் நிஃபெடிபினில் 84 விழுக்காடு, லேபெடலாலில் 77, மெத்தில்டோபாவில் 76. நிஃபெடிபின் சற்று முந்துகிறது. ஆனால் அதைப் பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களும் கூடுதலாக இருந்தார்கள். என்னைக் கவர்ந்தது மூன்றாவது எண். விலை குறைந்த, பழைய, “மெதுவாகத்தான் கேட்கும்” என்று ஒதுக்கப்பட்ட மெத்தில்டோபா, ஒரே வேளையாக 1,000 மில்லிகிராம் கொடுத்தபோது நான்கில் மூன்று பெண்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. ஊசி போடவும் நிமிடத்துக்கு நிமிடம் கவனிக்கவும் ஆள் இல்லாத சிறிய மருத்துவமனையில், பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் கொடுக்க ஒரு மாத்திரையாவது அலமாரியில் இருக்கும் என்பது சாதாரண விஷயம் இல்லை.

யாருக்கு எது என்பதில் ரத்தக் குழாயின் நிலையும் பேசுகிறது. சீக்கிரமே தொடங்கி, குழந்தையின் வளர்ச்சியும் குன்றிய வகையில் பெரும்பாலும் குழாய்கள் இறுகி, இதயம் வெளியேற்றும் ரத்தம் குறைவாக இருக்கும். உடல்பருமன் உள்ளவர்களுக்குக் கடைசி வாரங்களில் வரும் வகையில் இதய வெளியேற்றம் மிகுந்திருப்பதுண்டு. முதல் வகையினருக்குக் குழாயைத் திறக்கும் நிஃபெடிபின் பொருந்துவதும், இரண்டாம் வகையினருக்கு இதயத்தைத் தணிக்கும் லேபெடலால் பொருந்துவதும் தர்க்கத்துக்கு உகந்தது. இப்படி அளந்து தேர்ந்தெடுப்பதால் தாயும் சேயும் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு லேபெடலால் கூடாது என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது.

எவ்வளவு குறைப்பது என்பது தனிக் கவலை. கருப்பைக்குப் போகும் ஓட்டம் தாயின் அழுத்தத்தை நம்பியே இருக்கிறது. ஆற்றில் நீர்மட்டம் திடீரென்று இறங்கினால் முதலில் காய்வது கடைமடை வயல். நஞ்சுக்கொடியின் நிலைமை அதுதான். நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் கிள்ளி நாக்குக்கடியில் பிழிந்துவிடும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அழுத்தம் அதல பாதாளத்துக்குப் போய்விடும் என்பதால் அது கைவிடப்பட்டது. 2000இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, தாயின் சராசரி அழுத்தத்தை மருந்தால் 10 புள்ளி குறைத்தால் குழந்தையின் எடை 145 கிராம் குறையக்கூடும் என்று கணக்கிட்டது. அந்த அச்சத்தில் பல மருத்துவர்கள் மிதமான அழுத்தத்தைத் தொடாமலே விட்டார்கள். 987 பெண்கள் பங்கேற்ற சிப்ஸ் சோதனை 2015இல் அந்த அச்சத்தைப் பெரிதும் நீக்கியது: கீழ் எண்ணை 85க்குக் கொண்டுவர முயன்ற குழுவில் குழந்தைகளுக்குக் கூடுதல் கேடு இல்லை, தாய்மாருக்குக் கடும் அழுத்தம் வந்தது 27.5 விழுக்காட்டினருக்கு. 100 வரை விட்டுப்பிடித்த குழுவில் அது 40.6 விழுக்காடு. கர்ப்பத்துக்கு முன்பே ரத்தக் கொதிப்பு இருந்த 2,408 பெண்களிடம் நடந்த சாப் சோதனையும் 2022இல் அதே திசையில் முடிந்தது. 140/90க்குக் கீழே வைத்ததால் குழந்தையின் வளர்ச்சி குன்றவில்லை. தாங்களாகவே மாத்திரையை நிறுத்தும் பெண்கள் “குழந்தைக்கு ஆகாது” என்று சொல்வதைத்தான் பெரும்பாலும் கேட்கிறோம். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் இப்போது ஆதாரமுள்ள பதில் இருக்கிறது.

பி.பி. மாத்திரை செய்யாத இன்னொரு வேலை, வலிப்பைத் தடுப்பது. அழுத்தம் 150/100 மட்டுமே இருந்தும் வலிப்பு வந்த பெண்கள் உண்டு. அதற்கு மெக்னீசியம் சல்பேட். 33 நாடுகளில் 10,141 பெண்களிடம் நடந்த மேக்பை சோதனை, சூல்வலிப்பின் அபாயத்தை அது பாதிக்குமேல் குறைப்பதை 2002இல் காட்டியது. நரம்பு வழியே 4 கிராம், இரண்டு இடுப்பிலும் ஐந்தைந்து கிராம் என்ற பழைய பிரிட்சார்டு முறை, சிறிய மருத்துவமனைகளிலும் சாத்தியமானது. ஊசி வலிக்கும், உடம்பு எரிவதுபோல இருக்கும். முழங்காலைத் தட்டினால் வரும் அனிச்சை அசைவு, மூச்சு, சிறுநீரளவு மூன்றையும் பார்த்துக்கொண்டே தொடர வேண்டும்.

படலத்தையே சீர்செய்ய எடுத்த முயற்சிகள்

முயற்சிகள் குறையவில்லை. நைட்ரிக் ஆக்சைடின் வேலையை நீட்டிக்கும் சில்டெனாஃபிலை, வளர்ச்சி குன்றிய கருவைச் சுமந்த பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்துச் சோதனை, பிறந்த குழந்தைகளில் சிலர் நுரையீரல் ரத்தக் குழாய்க் கோளாறால் இறந்ததால் 2018இல் நிறுத்தப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் அருமையாகத் தெரிந்த, ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பிராவஸ்டாடின், ஆபத்து மிகுந்த பெண்களிடம் நடந்த பெரிய சோதனையில் நோயைத் தடுக்கவில்லை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் எசோமெப்ரசோலும் தென்னாப்பிரிக்காவில் பலனளிக்கவில்லை. அதே நாட்டில், நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின், முன்கூட்டியே நோய் வந்த 180 பெண்களிடம் கர்ப்பத்தைச் சுமார் ஒரு வாரம் நீட்டியதாக 2021இல் வெளிவந்த முடிவு நம்பிக்கை தருகிறது. 28ஆவது வாரத்தில் ஒரு வாரம் என்பது குழந்தைக்குப் பெரிது. ஆனால் அந்த ஆய்விலும் எஸ்எஃப்எல்டி-1 அளவு தெளிவாகக் குறையவில்லை. ஆகவே அது எப்படி வேலை செய்தது என்ற கேள்வி நிற்கிறது.

உறுதியாகப் பலன் கண்டது, சுருள் தமனிகள் உருமாறும் காலத்திலேயே தொடங்கும் ஆஸ்பிரின் மட்டும். 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் கொடுத்த ஆஸ்ப்ரே சோதனையில், 37 வாரத்துக்கு முன் பிரசவிக்க வைக்கும் முன்சூல்வலிப்பு 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6க்கு இறங்கியது. நோய் வந்தபின் ஆஸ்பிரினால் பயனில்லை. வந்தபின் நோயின் ஊற்றை அடைக்கும் வழி நஞ்சுக்கொடியை வெளியேற்றுவது ஒன்றுதான். கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட வீட்டாருக்கு மருத்துவர் சொல்லும் பதிலும் அதுவே.

பிரசவத்துக்குப் பின்

ஊற்று அடைபட்டாலும் படலம் உடனே ஆறிவிடுவதில்லை. பிரசவமான 3 முதல் 6 நாள்களுக்குள் ரத்த அழுத்தம் மறுபடி உச்சத்துக்குப் போகும். அந்த நாள்களில்தான் பலர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். நம் ஊரில் வீடு என்றால் பெரும்பாலும் தாய் வீடு. மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவமனை ஓர் ஊரில், பச்சை உடம்புக்காரி வேறு ஊரில். குழந்தைக்குத் தடுப்பூசி போட நாள் குறிக்கப்பட்டிருக்கும், தாயின் பி.பி.யை அளக்க நாள் குறித்திருக்காது. பேறுகாலக் கவனிப்பில் என்னை மிகவும் வருத்துவது இந்த ஓட்டைதான்.

கர்ப்பத்தில் தடுக்கப்பட்டிருந்த ஒரு கதவு இப்போது திறக்கிறது. ஆஞ்சியோடென்சினை அடக்கும் எனலாப்ரில் வகை மருந்துகள் ரத்தக் குழாய்க்கும் இதயத்துக்கும் நன்மை செய்பவை. ஆனால் கருவின் சிறுநீரகத்தைக் கெடுத்துப் பனிக்குட நீரை வற்றச் செய்யும் என்பதால் கர்ப்பத்தில் அறவே கூடாது. குழந்தை பிறந்துவிட்டால் எனலாப்ரில் பாலூட்டும் தாய்க்கும் கொடுக்கத்தக்கது. ஆக்ஸ்ஃபோர்டில் 220 பெண்களிடம் நடந்த சோதனை 2023இல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பாதிப் பேர் வீட்டிலேயே தினமும் அழுத்தத்தை அளந்து கைபேசிச் செயலியில் அனுப்ப, மருத்துவர்கள் அதைப் பார்த்து மருந்தளவைக் கூட்டிக் குறைத்தார்கள். பெரும்பாலானோர் சில வாரங்கள், மாதங்களிலேயே மருந்தை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் 9ஆம் மாதத்தில், 24 மணி நேரச் சராசரி எடுத்தபோது, அவர்களின் கீழ் எண் மற்றவர்களைவிட 5.8 புள்ளி குறைவாக இருந்தது. இதயத்தின் அமைப்பும் மேம்பட்டிருந்தது. மருந்து நின்ற பிறகும் பலன் நின்றிருக்கிறது. கர்ப்பத்துக்குள் அழுத்தத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்த மாத்திரைகள், பிரசவத்துக்குப் பிந்தைய சில வாரங்களில் அதற்கும் மேலே ஏதோ செய்கின்றன என்பதற்கு இதுவரை கிடைத்த வலுவான தடயம் இது. அகப்படலம் உண்மையிலேயே ஆறியதா, அல்லது அழுத்தம் குறைந்ததால் இதயமும் குழாய்களும் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்ப அவகாசம் கிடைத்ததா என்பது இனி அளந்து பார்க்க வேண்டியது.

முன்சூல்வலிப்பு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு; மாரடைப்பும் பக்கவாதமும் சுமார் இரண்டு மடங்கு. ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் “பிரசவம் நலம்” என்பதோடு நிறுத்தாமல் சில வரிகள் கூடுதலாக எழுதப்பட வேண்டும்: என்ன நோய் வந்தது, எத்தனையாவது வாரத்தில், அழுத்தம் எவ்வளவு வரை போனது, என்ன மாத்திரை, முதல் 3 நாள்களுக்குள்ளும் 10 நாள்களுக்குள்ளும் எங்கே பி.பி. பார்க்க வேண்டும், அடுத்த கர்ப்பத்தில் 12ஆவது வாரத்திலேயே ஆஸ்பிரின் தொடங்க வேண்டும் என்ற குறிப்பு. எழுதிக்கொடுக்காவிட்டால் வீட்டார் கேட்டு வாங்கலாம். அந்தச் சீட்டைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டால், தாய் வீட்டுப் பக்கத்திலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்குப் போகும் அன்றே தாயின் கையிலும் பட்டையைச் சுற்றி அளந்துவிட முடியும்.